வாரம் 60,000 யூனிட்டா, தினம் 1,000 யூனிட்டா? வைட்டமின் டி குறைந்தால் இருக்கும் வழிகள்

முழு உடல் பரிசோதனை முடிவு கைக்கு வருகிறது. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் ஒழுங்கு. கடைசிப் பக்கத்தில் வைட்டமின் டி மட்டும் 14 என்று தடித்த எழுத்தில். அதற்குப் பிறகு நடப்பது நம் ஊரில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வாரம் ஒன்று என்று 60,000 யூனிட் மாத்திரை எழுதித் தரப்படுகிறது. சில சமயம் எழுதித் தராமலே மருந்துக்கடையில் கிடைத்துவிடுகிறது. ‘நான் ஒரே ஊசியில் முடித்துவிட்டேன்’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மாத்திரையே வேண்டாம், காலை வெயிலில் நடந்தால் போதும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சித்தப்பா. தினமும் ஒரு சின்ன மாத்திரை எடுக்கலாம் என்ற நான்காவது வழியைத்தான் யாரும் சொல்வதில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 60,000 யூனிட் நல்ல மருந்து; ஆனால் முடிவுத் தேதி உள்ள மருந்து. அந்தத் தேதியைத் தொலைத்துவிட்டுத்தான் பலர் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

60,000 யூனிட் என்றால் எடையில் வெறும் ஒன்றரை மில்லிகிராம். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வகுத்த அளவுப்படி ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவை 600 யூனிட்தான். ஆக ஒரே விழுங்கில் நூறு நாள் தேவை உள்ளே போகிறது. அதே ஆவணம் சொல்லும் தினசரி மேல்வரம்பு 4,000. வாரம் ஒரு மாத்திரை என்று வைத்தால் நாள் சராசரி 8,500-ஐத் தாண்டிவிடும். சில வாரச் சிகிச்சையாக இதில் தவறில்லை. வருடக்கணக்கில் என்றால் கேள்வி கேட்க வேண்டும்.

இப்படி மொத்தமாகக் கொடுக்க முடிவதற்குக் காரணம், வைட்டமின் டி கொழுப்பில் கரையும் சத்து என்பது. உடல் அதைக் கொழுப்புத் திசுவில் பதுக்கி வைத்துக்கொள்கிறது. கல்லீரல் அதை 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி என்ற வடிவமாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது; ஆய்வகம் அளப்பது இதைத்தான். இது ரத்தத்தில் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். வைட்டமின் சி-யை இப்படி வாரக் கணக்கில் கொடுக்க முடியாது, மிஞ்சியது சிறுநீரோடு போய்விடும். டி-யில் மிஞ்சியது போகாது. மாத்திரையை நிறுத்திய பிறகும் கிடங்கிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும்.

முதலில் அந்த எண்

எந்த வழி என்று முடிவு செய்யும் முன், காகிதத்தில் இருக்கும் எண்ணை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். 14 என்றால் குறைவு, அதில் பெரிய வாதம் இல்லை. 24 என்று வந்தால்? பெரும்பாலான ஆய்வகங்கள் 30-க்குக் கீழே இருந்தாலே ‘போதாமை’ என்று அச்சடித்துவிடுகின்றன. இந்த 30, அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே அந்நாட்டு மருத்துவ நிறுவனம், எலும்பு நலத்துக்கு 20 நானோகிராம் ஏறக்குறைய எல்லோருக்கும் போதும் என்று சொல்லியிருந்தது. 2024-இல் அதே சுரப்பியியல் சங்கம் தன் பழைய 20, 30 எல்லைக்கோடுகளை இனி ஆதரிப்பதில்லை என்று அறிவித்தது. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்றும் சொன்னது. நம் ஊர் ஆய்வகங்களின் சிவப்பு எழுத்துக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. 24 வைத்துக்கொண்டு தூக்கம் இழப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அலகையும் பார்க்க வேண்டும். இந்தியாவில், ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கு. லண்டனில் இருக்கும் மகளின் முடிவு, ஒரு லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்ற வேறு அலகில் வரும். இங்கே 20 என்பதும் அங்கே 50 என்பதும் ஒன்றே. அவள் அனுப்பிய 45-ஐப் பார்த்து, ‘உனக்கு என்னைவிட அதிகம்’ என்று அம்மா மகிழ வேண்டாம்.

இன்னொன்று, முடி கொட்டுகிறது என்று 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது. சில வகை ரத்தப் பரிசோதனைகளில் பயோட்டின் குறுக்கிட்டு, வைட்டமின் டி உண்மையில் இருப்பதைவிட அதிகம் என்று காட்டிவிடும். தைராய்டு முடிவையும் குழப்பும். ரத்தம் கொடுக்கும் முன் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள், இரண்டு நாளாவது நிறுத்தி வையுங்கள்.

வாரம் 60,000: யாருக்கு, எதுவரை

தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை, மாடிப்படி ஏறத் தொடையில் வலுவில்லை, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை அழுத்தினால் வலி, பரிசோதனையில் எட்டோ பத்தோ என்று ஓர் எண். இது எலும்பு மென்மையாகும் நோயாக இருக்கலாம். இவர்களுக்குத் தினம் 600 யூனிட் கொடுத்துக்கொண்டிருப்பது காலத்தைக் கடத்துவது. கிடங்கு காலி, விரைவாக நிரப்ப வேண்டும். வாரம் 60,000, எட்டு வாரம், மொத்தம் 4,80,000 யூனிட். விலையும் கட்டுப்படியாகும், வாரத்தில் ஒரு நாள் நினைவு வைத்தால் போதும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாக உறிஞ்சப்படும். பவுடர் பாக்கெட்டைப் பாலில் கலக்கச் சொல்வதும் அதனால்தான். வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடித்தால் பயன் குறையலாம்.

ஆபத்து எட்டாவது வாரத்துக்குப் பிறகு தொடங்குகிறது. சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் இன்னொரு அட்டை கிடைக்கும். சீட்டு இல்லாவிட்டாலும் பழைய அட்டையைக் காட்டினால் போதும். ‘மூட்டு வலிக்கு நன்றாக இருந்தது’ என்று வீட்டில் நான்கு பேருக்கும் பகிரப்படும். இதைவிட மோசமானது, வாரம் ஒன்று என்பதை நாள் ஒன்று என்று புரிந்துகொள்வது. மற்ற எல்லா மாத்திரையும் தினம் ஒன்று என்றிருக்கும் பையில் இது மட்டும் வாரம் ஒன்று. வயதானவர்களுக்குத் தவறுவது இயல்பு. தினம் ஒன்று என்று இரண்டு மாதம் போனால் 36 லட்சம் யூனிட். அட்டையில் பேனாவால் ‘ஞாயிறு’ என்று எழுதி வைப்பதும், முடிக்க வேண்டிய தேதியைப் பக்கத்திலேயே குறிப்பதும் சின்ன வேலைதான். செய்துவிடுங்கள்.

அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறுகிறது. வாந்தி, பசியின்மை, மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு, முற்றினால் குழப்பமான பேச்சு. இதில் எதுவுமே ‘வைட்டமின் அதிகமாகிவிட்டது’ என்று கூவிச் சொல்வதில்லை. வயசான உடம்பு, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அதற்குள் சிறுநீரகம் அடிபடும். வழக்கமாக 150 நானோகிராமைத் தாண்டும்போதுதான் இந்த நச்சுநிலை வருகிறது. அதனால் சரியாக எடுப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. கணக்கில்லாமல் எடுப்பவர்கள் பயப்பட வேண்டும். சந்தேகம் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போய், ரத்தக் கால்சியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள்.

தினம் 1,000

இதற்குக் கவர்ச்சி இல்லை. எண் மெதுவாக ஏறும்; நிலையான மட்டத்துக்கு வர ஏறக்குறைய மூன்று மாதம். தினமும் நினைவு வைக்க வேண்டும். ஆனால் தவறினால் தாங்கும்: ஒரு நாள் இரண்டு மாத்திரை எடுத்துவிட்டாலும் ஒன்றும் ஆகாது. லேசான குறைவு உள்ளவர்களுக்கும், எட்டு வாரச் சிகிச்சை முடிந்து மட்டத்தைக் காக்க வேண்டியவர்களுக்கும் இதுவே பொருத்தம் என்பது என் முடிவு. 2024 வழிகாட்டுதலும், 50 வயதைக் கடந்தவர்களுக்கு வைட்டமின் டி கொடுப்பதாக இருந்தால் இடைவெளி விட்டுப் பெரிய அளவாகத் தருவதைவிடத் தினசரிச் சிறு அளவே மேல் என்கிறது.

சரி, குறைவே இல்லாதவர் தினமும் எடுத்தால் கூடுதல் பலன் உண்டா? இதற்கான பெரிய சோதனை அமெரிக்காவில் நடந்தது. 25,871 பேர், தினம் 2,000 யூனிட் அல்லது வெற்று மாத்திரை, சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல். புற்றுநோயும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. 2022-இல் வந்த தொடர் முடிவில் எலும்பு முறிவும் குறையவில்லை. பங்கேற்றவர்களில் பெரும்பாலோருக்கு முன்பே போதுமான அளவு இருந்தது என்பது முக்கியம். நிரம்பிய குடத்தில் ஊற்றிப் பார்த்த சோதனை அது. காலிக் குடத்தைப் பற்றி அது பேசவில்லை.

‘கொஞ்சம் நல்லது என்றால் நிறைய இன்னும் நல்லது’ என்ற எண்ணத்துக்கு நேரான பதில் கனடாவின் கால்கரியிலிருந்து 2019-இல் வந்தது. 55 முதல் 70 வயது வரையிலான 311 ஆரோக்கியமானவர்களைப் பிரித்து, மூன்று ஆண்டுகள் தினம் 400, 4,000, 10,000 யூனிட் என்று கொடுத்தார்கள். அதிக அளவு எடுத்தவர்களின் எலும்பு வலுப்பெறவில்லை. முன்கை எலும்பின் அடர்த்தி 400 எடுத்தவர்களைவிடக் குறைந்திருந்தது. எலும்புக்காகவே எடுக்கும் சத்து, எலும்பிலேயே இப்படி.

நினைவு வைக்க முடியாதவர்களுக்காக ஓர் இடைவழி உண்டு: மாதம் ஒரு 60,000. சராசரி பார்த்தால் தினம் 2,000-தான், பிரச்சினை இல்லை என்று தோன்றும். நானும் முன்பு இதை நல்ல சமரசம் என்றே நினைத்தேன். இரண்டு ஆய்வுகள் அந்த ஆர்வத்தைக் குறைத்தன. ஆஸ்திரேலியாவில் 60 வயதைக் கடந்த 21,315 பேருக்கு ஐந்தாண்டுகள் வரை மாதம் 60,000 கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு விகிதத்தில் பலன் தெரியவில்லை. சூரிச் நகரில், முன்பே ஒருமுறையாவது கீழே விழுந்திருந்த 70 வயதுக்கு மேற்பட்ட 200 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. மாதம் 24,000 எடுத்தவர்களில் ஓராண்டில் விழுந்தவர்கள் நூற்றுக்கு 48. மாதம் 60,000 எடுத்தவர்களில் நூற்றுக்கு 67. விழாமல் இருக்கக் கொடுத்த மருந்து அதிகம் விழ வைத்தது. நடுத்தர வயதுக்காரர் மாதம் ஒன்று எடுத்தால் குடி முழுகிவிடாது. தடுமாறி நடக்கும் பெரியவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே ஊசி

ஆறு லட்சம் யூனிட், இடுப்பில் ஒரு குத்து, ஆறு மாதம் கவலையில்லை. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நம்பும் ஊரில் இதற்கு இருக்கும் மவுசைச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த 2,256 பெண்களிடம், வருடத்துக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் என்று நடத்திய ஆய்வின் முடிவு 2010-இல் வந்தது. அது வாய்வழி மருந்துதான், ஆனால் ஒரே மூச்சில் கொடுக்கும் தத்துவம் ஒன்றே. மருந்து எடுத்தவர்கள் 15 சதவீதம் அதிகம் விழுந்தார்கள். எலும்பு முறிவு 26 சதவீதம் அதிகம். விழும் அபாயம் அதிகம் கூடியது மருந்து எடுத்த முதல் மூன்று மாதத்தில்.

காஷ்மீரில் குளிரும் உடையும் சேர்ந்து வைட்டமின் டி குறைவு பரவலாக உண்டு. அங்குள்ள மருத்துவர்களே 2011-இல் எழுதிய குறிப்பு ஒன்று, திரும்பத் திரும்பப் போட்ட ஊசிகளால் கால்சியம் ஏறி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றியது. முதுகு வலி, மூட்டு வலி என்று ஒவ்வொரு மருத்துவரிடம் போகும்போதும் ஓர் ஊசி. முந்தைய மருத்துவர் போட்டது அடுத்தவருக்குத் தெரியாது. நம் ஊருக்கும் இது பொருந்தும் கதைதான். மாத்திரையை நாளை நிறுத்தலாம். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது.

ஊசி தேவைப்படுபவர்கள் உண்டு. குடலின் பகுதியை வெட்டி எடுத்தவர்கள், கொழுப்பை உறிஞ்ச முடியாத குடல் நோய் உள்ளவர்கள், வாய்வழியாக எதையும் எடுக்க முடியாதவர்கள். மற்றவர்களுக்கு இது தேவையில்லாத அவசரம்.

வெயிலும் சாப்பாடும்

சித்தப்பா பாதி சரி. தோலில் படும் புற ஊதா பி கதிர்தான் வைட்டமின் டி-யின் முதன்மை வழி; தோல் தானே அளவோடு நிறுத்திக்கொள்ளும் என்பதால் வெயிலால் டி நச்சாவதும் இல்லை. ஆனால் அவர் சொல்லும் காலை ஆறரை மணி இளவெயிலில் அந்தக் கதிர் மிகக் குறைவு. அதிகாலை நடை இதயத்துக்கு நல்லது, மனதுக்கு நல்லது. டி-க்கு அவ்வளவாக உதவாது. நம் வடக்கு எல்லையை ஒட்டிய திருப்பதியில் மணிக்கொரு முறை வெயிலில் வைத்து அளந்த ஆய்வில், 11 மணி முதல் 2 மணி வரைதான் உச்ச உற்பத்தி. கடிகாரம் வேண்டாம் என்றால் நிழலைப் பாருங்கள்: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் வேளைதான் பயன் தரும் வேளை. அந்த நேரத்தில் நாம் அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறோம். கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். கருத்த தோலுக்குக் கூடுதல் நேரமும் தேவை. வெயில் கொட்டும் ஊரில் டி குறைவு ஏன் என்பதற்கு இதுதான் விடை. பிரிட்டனில் இலையுதிர், பனிக் காலங்களில் எல்லோரையும் தினம் 400 யூனிட் எடுக்கச் சொல்லும் பொதுச் சுகாதாரச் சேவை, நம்மைப் போன்ற தோல் நிறத்தவர்களை ஆண்டு முழுவதும் எடுப்பது பற்றி யோசிக்கச் சொல்வதும் இதனால்தான்.

சாப்பாட்டில் மத்தி போன்ற கொழுப்புள்ள மீன், முட்டை மஞ்சள் கரு, ஈரல் உதவும். கேழ்வரகைப் பலர் இங்கே இழுக்கிறார்கள். அதில் கால்சியம் நிறைய உண்டு, டி கிடையாது. சைவர்களுக்கு வழி குறுகல். ‘+எஃப்’ முத்திரை போட்ட எண்ணெயிலும் பாலிலும் ஏ, டி இரண்டும் சேர்க்கப்படுகின்றன. வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கலாம். 14-ஐ இவற்றால் மட்டும் சீக்கிரம் ஏற்றிவிடலாம் என்று நம்ப வேண்டாம். ஏற்றியதைத் தக்கவைக்க இவை போதுமானவையாக இருக்கலாம்.

தானாக எடுக்கக் கூடாதவர்கள்

சிறுநீரகக் கல் வந்தவர், சிறுநீரகம் பழுதானவர், காசநோய் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் பெரிய அளவைத் தொடக்கூடாது. காசநோயில் நோய்த்திசுவே டி-யைச் செயல்படும் வடிவமாக மாற்றிக் கால்சியத்தை ஏற்றிவிடக்கூடும். ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் எடுப்பவர்களுக்கும் கால்சியம் ஏறும் வாய்ப்பு அதிகம். இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவர்களுக்குக் கால்சியம் ஏறினால் துடிப்பே தாறுமாறாகும்.

கூடவே எழுதப்படும் கால்சியம் மாத்திரையையும் படித்துப் பாருங்கள். அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் நடந்த ஆய்வில், தினம் 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் டி-யும் எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17 சதவீதம் அதிகம். பல கால்சியம் மாத்திரைகளில் டி-3, அதாவது இதே வைட்டமின் டி, இருக்கும். சிலவற்றில் கால்சிட்ரியால் இருக்கும். கால்சிட்ரியால் வேறு சரக்கு: உடலில் கடைசியாக உருவாகும், செயல்படும் ஹார்மோன். கால்சியத்தைச் சீக்கிரம் ஏற்றும், ஆனால் ஆய்வக எண்ணில் தெரியாது. வாரம் 60,000-த்தோடு இதையும் சேர்த்து மாதக்கணக்கில் எடுப்பவர்கள், இரண்டும் ஏன் என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்பது நல்லது.

பெரிய அளவு என்றாலே தீது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். நம் அரசே ஐந்து வயது வரை குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ கொடுக்கிறது. அதில் வயது, அளவு, இடைவெளி, முடிவு எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. 

கைக்குழந்தைக்கு மட்டும் தனி எச்சரிக்கை. அவர்களுக்குத் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து. 60,000 யூனிட் திரவக் குப்பியும் சின்னதாகத்தான் இருக்கும். இரண்டும் ஒரே அலமாரியில் வேண்டாம்.

இனி முடிவு. எண் 12-க்குக் கீழே, உடம்பிலும் அறிகுறி என்றால் வாரம் 60,000, எட்டு வாரம், பிறகு தினம் 1,000. தொடங்கி மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனை. இடையில் பரிசோதித்துப் பயனில்லை, எண் ஏறிக்கொண்டிருக்கும். 12-க்கும் 20-க்கும் நடுவே, வேறு தொல்லை இல்லை என்றால் மருத்துவரிடம் தினசரி அளவையே கேட்டுப் பாருங்கள்; பலர் ஒத்துக்கொள்வார்கள். 24, 26 என்பவர்கள் மதிய உணவு இடைவேளையில் வெளியே நடக்கலாம், முட்டை சாப்பிடலாம், பரிசோதனைக் காகிதத்தை மடித்து வைக்கலாம். அடிக்கடி தடுமாறி விழும் 80 வயதுப் பெரியவருக்குத் தினம் 800 அல்லது 1,000 போதும். ஊசி வேண்டாம், மாத டோஸ் வேண்டாம். அவர் விழுவதற்குக் காரணம் தேடுகிறீர்கள் என்றால் மூக்குக் கண்ணாடியின் பவர், இரவில் எடுக்கும் தூக்க மாத்திரை, எழுந்து நிற்கும்போது இறங்கும் ரத்த அழுத்தம், குளியலறைத் தரை ஆகியவற்றை முதலில் பாருங்கள்.